‘வீட்டிலிருந்து போன்’ என்றொரு சீட்டு

கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். பேச வேண்டியது மூன்றே விஷயம்தான். அரை மணியில் முடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பி பிளாக்கில் சாம்பசிவம் என்று ஒருவர் இருக்கிறார். லிப்ட் பழுதைப் பற்றிப் பேச எழுந்தால் தண்ணீர் லாரிக்குப் போவார், அங்கிருந்து கொசுவுக்குப் போவார், கொசுவிலிருந்து தம் மகன் கனடாவில் வாங்கிய வீட்டுக்குப் போய்விடுவார். அவர் திரும்பி லிப்டுக்கு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். போன மாதம் அவர் பேச்சு கனடாவில் இருந்த சமயத்தில், சங்கச் செயலாளர் மூர்த்தி என் நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

“ஆன்ட்டி, நீங்க பார்லிமென்ட்ல இருந்தவங்க. அங்க இந்த மாதிரி ஆளுங்கள எப்படி உக்கார வெப்பாங்க?”

பார்லிமென்டில் இருந்தேன் என்பது உண்மைதான். உறுப்பினராக இல்லை, சுருக்கெழுத்தாளராக. வேடந்தாங்கல் பக்கத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பா பிற்பாடு செங்கல்பட்டில் வாட்ச்மேன் ஆனார். நான் மிஷன் பள்ளியில் படித்து, ஸ்டேஷன் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டில் டைப்பும் சுருக்கெழுத்தும் பழகி, பரீட்சை எழுதி டெல்லிக்குப் போனேன். அங்கே குளிரையும் இந்தியையும் ஒரே வருடத்தில் கற்றுக்கொள்ளப் பார்த்தேன். இரண்டும் கடைசிவரை எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பல அறைகளில் பல அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையின் கடைசிப் பகுதியில் மேலவையின் அவை முன்னவர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அவை முன்னவர் என்றால் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து மணி அடிப்பவர் என்று நம் ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அவைத் தலைவர். முன்னவர் கீழே ஆளுங்கட்சி வரிசையின் முதல் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர். அரசாங்கத்தின் வேலை அன்றைக்கு அவையில் நடந்தாக வேண்டும், அதை நடத்திக் காட்டுவது அவர் பொறுப்பு. கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் இருப்பார்கள். பந்தி ஒழுங்காக நடக்கிறதா, சம்பந்தி வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு பெரியவர் அலைந்துகொண்டிருப்பார் இல்லையா, முன்னவர் வேலை அதுதான்.

எங்கள் முன்னவர் வடக்கே ஒரு மாநிலத்துக்காரர். பெயர் வேண்டாம், நான் ‘சார்’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ரப்பர் அடி போட்ட செருப்பு போட்டிருப்பார், அதனால் அவர் வருவது காதில் விழாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலை ஒன்பதரைக்கு வந்ததும் அன்றைய அலுவல் பட்டியலை மேஜையில் விரித்து, ஒரு பென்சிலால் குறி போடுவார். சண்டை வரும் இடத்துக்கு வட்டம், சும்மா நிறைவேறும் இடத்துக்கு ஒரு கோடு, தெரியாத இடத்துக்குக் கேள்விக்குறி. பிறகு பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்க்கட்சித் தலைவரின் அறைக்குத் தேநீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்.

எதிர்க்கட்சித் தலைவர் ஒரு அம்மாள். அவையில் அவர் எழுந்து பேசினால் வெளி வராந்தாவில் நிற்பவருக்கும் கேட்கும். தேநீர் வேளையில் அப்படி ஒரு சாதுவான மனுஷி. சார் அவரிடம் தினமும் மூன்று கேள்வி கேட்பார். இன்றைக்கு எதற்குச் சத்தம்? எவ்வளவு நேரம் சத்தம்? வெளிநடப்பு உண்டா, உண்டென்றால் எத்தனை மணிக்கு? முதல் தடவை நான் குறிப்பெடுக்கப் போனபோது சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினேன். அந்த அம்மாள் கொஞ்சமும் சிரிக்காமல், மூன்றரைக்கு வெளிநடப்பு, அதற்கு முன்னால் எங்களுக்குப் பேச நாற்பது நிமிஷம் வேண்டும் என்றார். சார் முப்பது என்றார். முப்பத்தைந்தில் முடிந்தது. அன்று மூன்று முப்பத்தொன்றுக்கு அத்தனை பேரும் கோஷம் போட்டுக்கொண்டு வெளியேறியபோது எனக்கு ஒரு ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியதைப் பார்த்த சந்தோஷம்.

ஆக, எதிர்க்கட்சியால் சாருக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. தொந்தரவெல்லாம் சொந்தப் பக்கத்தில்தான். ஒவ்வொரு விவாதத்துக்கும் இத்தனை மணி நேரம் என்று ஒதுக்குவார்கள், அதைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிப்பார்கள். சின்னக் கட்சிக்காரருக்கு ஐந்து, ஆறு நிமிஷம்தான் வரும். தம் நேரம் தீர்ந்த பிறகும் உட்காராதவர்கள் உண்டு. தலைவர் மணி அடிப்பார், அடித்தால் இன்னும் வேகமாகப் பேசுவார்கள். கூட்டணிக்காரரை எல்லார் முன்னாலும் உட்காருங்கள் என்று சொன்னால், மறுநாள் கட்சித் தலைமையே கோபித்துக்கொள்ளும்.

இதற்குச் சார் கண்டுபிடித்த வைத்தியம்தான் சீட்டு. விவாதம் நடக்கும்போது கண்ணை மூடியபடி சாய்ந்திருப்பார். தூங்குகிறார் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். பேசுகிறவர் எல்லை மீறினால் ஒரு கண் திறக்கும். அதைப் பார்த்ததும் பணியாளர் ஒருவர் எங்கள் அறைக்கு வந்து பேசுகிறவர் பெயரை மட்டும் சொல்வார். நான் ஒரு சீட்டில் ‘வீட்டிலிருந்து போன். அவசரம்’ என்று எழுதிக் கொடுப்பேன். அவைக்குள் செல்போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தமிழருக்கு நான் தமிழிலேயே எழுதுவேன், மற்றவர்களுக்கு அவரவர் மொழியில் எழுத ஆள் உண்டு. தாய்மொழியில் வந்தால்தான் வீடு கூப்பிடுகிற மாதிரி இருக்கும் என்பது சாரின் வாதம். தலைவர் உட்காரச் சொன்னால் ஆளுக்குக் கோபம் வரும், மனைவி கூப்பிட்டுப் போனால் யாரும் குறைத்து நினைக்க மாட்டார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். நானும் ரசித்துத்தான் எழுதினேன். அதை மறைக்கப் போவதில்லை.

அப்படி என் கையெழுத்தில் சீட்டு வாங்கியவர்களில் ஒருவர் ஏகாம்பரம். சதுரங்கப்பட்டினத்துக்காரர். மீனவர் சங்கத்தில் பல வருஷம் இருந்து, கூட்டணியில் ஒரு சின்னக் கட்சி வழியாக மேலவைக்கு வந்தவர். எங்கள் பக்கத்துப் பேச்சை டெல்லியில் கேட்க எனக்கு அவர் ஒருவர்தான். அறைக்கு வந்தால் “இன்னாம்மா எஸ்தரு, நாஸ்தா ஆச்சா?” என்பதுதான் முதல் வார்த்தை. ஊரில் அவர் மனைவி கன்னியம்மாவும் மகளும் ஏதாவது அவசரமென்றால் கூப்பிடட்டும் என்று எங்கள் அறை நம்பரை வாங்கிக் கொடுத்திருந்தார்.

முதல் சீட்டு எடையளவு மசோதாவின்போது போனது. மனுஷர் தராசிலிருந்து ஐஸ்கட்டிக்குப் போய், ஐஸ்கட்டியிலிருந்து டீசலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்ததும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஊருக்கு போன் போட்டார். கன்னியம்மா, இங்கே எல்லாரும் நல்லாத்தானே இருக்கிறோம், என்ன திடீரென்று என்று கேட்டிருக்கிறார். விஷயம் புரிந்ததும் ஏகாம்பரம் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் முறைத்தார், அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது தடவை ஒரு துறைமுக விவாதத்தில் போனது. இந்தத் தடவை நிதானமாகப் பேச்சை முடித்துக்கொண்டு, நடந்தே வெளியே வந்தார். வந்தவர் நேராக போனை எடுத்தார். பொய் என்று தெரிந்துமா என்று கேட்டேன்.

“பொய்யின்னு தெரியும்மா. ஒருவேளை நெசமா இருந்துட்டா?” என்றார்.

கன்னியம்மாவிடம் நல்லாயிருக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ காகிதத்தை அடுக்கினேன். அன்றைக்கே சாரிடம் போய் இது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

மூன்றாவது சீட்டு கடலோரப் பாதுகாப்பு மசோதாவின்போது எழுதியது. ஏகாம்பரம் மேலவைக்கு வந்ததே இதற்காகத்தான். கடல் அவர்கள் ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்தால் கரை நிற்கும் என்று மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள் அந்த மக்கள். ஊரின் பழைய டச்சுக் கோட்டைப் பக்கம் படகு ஏற்றும் இடமே சுருங்கிப்போய்விட்டது. அவருக்குக் கிடைத்தது ஆறு நிமிஷம். அதற்கு ஒரு வாரம் அறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறார். இந்த ஆறு நிமிஷத்தில் எனக்கு மட்டும் சீட்டு அனுப்பிவிடாதே என்று காலையில் என்னிடம் கேட்டுக்கொண்டு போனார். நானும் மாட்டேன் என்று சொன்னேன்.

அவர் எழுந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அறையில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவருடைய மகள், அழுதுகொண்டே. அம்மாவுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு எல்லாம் தயார்.

“அப்பா குரலைக் கேட்டாத்தான் உள்ள வருவேன்னு கட்டிலைப் புடிச்சிகினு கீது. கால் மணி நேரத்துக்கு மேல தாங்காதுன்றாரு டாக்டரு. கொஞ்சம் கூப்புடுங்கம்மா.”

சீட்டை எடுத்தேன். என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்த வார்த்தைகள் ‘வீட்டிலிருந்து போன். அவசரம்’. அதையேதான் எழுதினேன். பணியாளர் கொண்டுபோய்க் கொடுத்தார். தொலைக்காட்சியில் ஏகாம்பரம் சீட்டைப் பார்த்தார், தண்ணீர்த் தம்ளருக்கு அடியில் வைத்தார், பேச்சைத் தொடர்ந்தார். காலையில் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டதாக நினைத்திருப்பார். முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு சின்ன வருத்தம் இருந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உடனே இன்னொரு சீட்டு எடுத்தேன். ‘சத்தியமாக உண்மை. கன்னியம்மா ஆஸ்பத்திரியில்’ என்று எழுதினேன். அவர் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் போட்டார். அதோடு விட்டாரா? தலைவரைப் பார்த்து, ஐயா, என் வீட்டைக் காப்பாற்றத்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றார். அவை சிரித்தது. போனின் மறுமுனையில் அந்தப் பெண், அப்பா வந்துட்டாரா என்று கேட்டாள்.

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். நாங்கள் உள்ளே காலடி வைக்கக் கூடாது. வாசலில் நின்று சாருக்கு ஆங்கிலத்தில் ஒரு சீட்டு அனுப்பினேன். மனைவி, ஆபரேஷன், கால் மணி நேரம், அவர் நம்பவில்லை. சார் படித்தார். இரண்டு கண்ணும் திறந்தன. நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில், ஒருவர் பேசும்போது சார் குறுக்கே எழுந்ததே இல்லை. அன்றைக்கு எழுந்தார். முன்னவர் எழுந்தால் பேசுகிறவர் நிறுத்துவது அங்கே வழக்கம். உறுப்பினர் சொல்வதை அரசு முழுதாகக் கேட்க விரும்புகிறது, அவருடைய மீதி நேரத்தைக் காப்பாற்றி வைத்து இன்னொரு நாள் முதல் ஆளாக அவரை அழைக்க வேண்டும் என்று தலைவரிடம் கேட்டுக்கொண்டார். ஒரு மனுஷனின் வீட்டு விஷயத்தை நாடே பார்க்கும் இடத்தில் போட்டு உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

நல்ல மனசோடு செய்த அந்தக் காரியம் எல்லாவற்றையும் கெடுத்தது. ஏகாம்பரத்துக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எங்கள் கடலைப் பற்றிப் பேசினால் மட்டும் ஏன் வாயை அடைக்கிறீர்கள் என்று தமிழிலேயே கத்தினார். எதிர்க்கட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆளுங்கட்சிக் கூட்டணிக்காரரை முன்னவரே பேச விடாமல் தடுக்கிறார். அத்தனை பேரும் எழுந்து, பேச விடு, பேச விடு என்று கோஷம் போட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாளின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. காலைத் தேநீரில் பேசாத சத்தம் இது. நான் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம் போயிருந்தது. ஒரு பொய்யை ஒழுங்காக எழுதத் தெரிந்த எனக்கு, ஒரு உண்மையை நம்பும்படி எழுதத் தெரியவில்லையே என்று அழுகை வந்தது.

சார் அந்தச் சத்தத்துக்குள் நடந்து, எதிர் வரிசைக்குப் போய், என் சீட்டை அந்த அம்மாள் கையில் கொடுத்தார். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். பிறகு திரும்பி, தம் ஆட்களைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். அவ்வளவுதான். முன் வரிசை உட்கார்ந்தது, அடுத்த வரிசை உட்கார்ந்தது, கடைசி வரிசையில் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தவரும் உட்கார்ந்தார். அந்த அவையில் அப்படி ஒரு அமைதியை இரங்கல் தீர்மானத்தின்போதுதான் பார்த்திருக்கிறேன்.

ஏகாம்பரம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தனக்காகக் கத்தியவர்கள் ஏன் அடங்கினார்கள் என்று எதிர் வரிசையைப் பார்த்தார். சாரின் தந்திரத்துக்கு எதிர்க்கட்சி ஒருநாளும் துணை போகாது, அது அவருக்குத் தெரியும். பையிலிருந்து சீட்டை எடுத்து மறுபடி படித்தார். அதற்குப் பிறகு அவர் வந்த வேகத்தில் வாசலில் நின்ற பணியாளர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

போனில் கன்னியம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. அந்த வலியிலும் கணீரென்று இருந்தது.

“இன்னாய்யா, பேசி முடிச்சிட்டியா?”

“பாதி.”

“நம்ம ஊரு பேரைச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“செரி. நான் உள்ள போறேன்.”

எதைக் கேட்டாலும் நாற்பது விஷயம் பேசுகிற மனுஷர், ரிசீவரைக் காதில் வைத்தபடி ‘ம்’ என்றார்.

ஆபரேஷன் முடிந்து மகள் கூப்பிடும்வரை அவர் எங்கள் அறையில்தான் உட்கார்ந்திருந்தார். சாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷத்தைக்கூட வீணாக்காதவர் அன்றைக்கு மசோதாவை இன்னொரு நாளுக்குத் தள்ளிவிட்டார். மூன்றரைக்கு வைத்திருந்த வெளிநடப்பை ரத்து செய்துவிட்டு அந்த அம்மாளும் எங்கள் அறைக்கு வந்து தேநீர் குடித்தார். நல்லபடியாக முடிந்தது என்று போன் வந்ததும் ஏகாம்பரம் விமானத்துக்குக் கிளம்பினார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, மீதி நிமிஷங்களைப் பேசினார். அவர் அதிகப்படியாக எடுத்துக்கொண்ட ஏழு நிமிஷத்துக்கும் சாரின் ஒரு கண்கூடத் திறக்கவில்லை.

அன்று எல்லாரும் போன பிறகு சார் என்னிடம் சீட்டுக் கட்டை வாங்கிக்கொண்டார். அந்த வாக்கியத்தை இனி உண்மைக்குத் தவிர எழுத வேண்டாம் என்றார். தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை என்றும் சொன்னார். பாதிதான் சரி. மறுநாளிலிருந்து நீளமாகப் பேசுகிறவர்களுக்கு அவரே தம் கையால் ‘போதும்’ என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஓரிருவர் கோபித்தார்கள், பெரும்பாலும் உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனை சுலபம் என்று முன்பே தெரியாமல் போனதே என்று அவர் அடிக்கடி சொல்வார்.

மூர்த்திக்கு இவ்வளவும் சொல்லவில்லை. சீட்டுத் தந்திரத்தை மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒரே குஷி. சாம்பசிவத்தின் மனைவி ஊருக்குப் போயிருக்கிறார், இப்போதே எழுதிக் கொடுங்கள் என்று பேனாவை நீட்டினார். வேண்டாம் என்று நான் சொன்ன சத்தத்தில் சாம்பசிவமே கனடாவிலிருந்து திரும்பிவிட்டார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அன்று முழுக்க ஏகாம்பரத்தின் ஞாபகமாகவே இருந்தது. மறுநாள் காலையில் மாமல்லபுரம் போய், வேறு பஸ் பிடித்து, சதுரங்கப்பட்டினத்தில் இறங்கினேன். போனில் பேசியிருக்கிறேனே தவிர, கன்னியம்மாவை அதுவரை நான் பார்த்ததில்லை.

தெருமுனையில் ஏகாம்பரம் நான்கு பேரை நிறுத்தி வைத்துத் தூண்டில் வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கல் கொட்டியாகிவிட்டது, இப்போது அதன் நீளம் போதவில்லையாம். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி, நீ வீட்டுக்குப் போம்மா, இதோ வருகிறேன் என்றார். கன்னியம்மா நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

“நான் சாவக் கெடந்த அன்னிக்கு சீட்டைப் படிச்சி ஜேப்புல வெச்சிகினு எல்லாரையும் சிரிக்க வெச்சாராம். டிவியில ஊரே பாத்துச்சி. எத்தினியோ தபா கேட்டுட்டேன், ஏன்யா அப்புடி பண்ணேன்னு. வாயே தொறக்க மாட்டேன்றாரு.”

சீட்டு விஷயத்தை அவர் வீட்டில் சொல்லி, எல்லாரும் சிரித்து முடித்திருப்பார்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். என் பெயர் வெளியே வந்தால் வேலைக்கு ஆபத்து என்று மனுஷர் பழியைத் தானே சுமந்திருக்கிறார். நான் ஓய்வு பெற்ற பிறகும் சொல்லவில்லை.

சொன்னேன். அக்கா, தப்பு அவர்மேல் இல்லை, அதற்கு முன்னால் இரண்டு தடவை அதே சீட்டைப் பொய்யாக எழுதியது நான், அதனால்தான் உண்மையை அவர் நம்பவில்லை என்று முழுசாகச் சொன்னேன். கன்னியம்மா அடுப்பை அணைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அப்போ, பட்டப்பகல்ல ரெண்டு தபா டில்லியிலர்ந்து கூப்புட்டு, நல்லா கீறியான்னு கேட்டாரே. அது நீ எழுதுனதாலதானா? அவரா நெனச்சிகினு பண்ணாருன்னு இல்ல நான் வெச்சிகினு கீறேன்.”

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு குறையை எடுக்கப் போய், கன்னியம்மா இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டேன். நடந்ததையே சொன்னேன். முதல் தடவை என்னால்தான். இரண்டாவது தடவை அது பொய்யென்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் வந்து கூப்பிட்டார், ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால் என்று என்னிடமே சொன்னார்.

“பொய்யின்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சும்தான், அக்கா.”

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது போதும்” என்றார்.

தெருமுனையில் பேச்சு இன்னும் முடியவில்லை. நெத்திலி ஆறிக்கொண்டிருந்தது. அலமாரியிலிருந்து ஒரு பழைய மருந்துச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார் கன்னியம்மா. “எழுதிக் குடு. வூட்லர்ந்து கூப்புடறாங்கன்னு.”

எழுதினேன். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏகாம்பரம் என் கையெழுத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், வீட்டு வாசலில் நின்ற கன்னியம்மாவைப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.